மேம்பாலம் கேட்கும் முன் வண்டிகளை எண்ணுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புதுச்சேரியில் இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து ராஜீவ் காந்தி சதுக்கம் வரை 436 கோடி ரூபாயில் மேம்பாலத்துக்கு 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். மரப்பாலம் சந்திப்புக்கும் கேட்டு மனு மேல் மனு கொடுத்தாயிற்று, பதிலே இல்லை. யாரிடம் போவது?
– வாசகர், முருங்கப்பாக்கம்

பதில்: சந்திப்பில் சேரும் ஒவ்வொரு சாலையும் யாருடையது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. தேசிய நெடுஞ்சாலை என்றால், புதுச்சேரியில் பொதுப்பணித் துறையின் தேசிய நெடுஞ்சாலைக் கோட்டம் முன்மொழிவு தயாரித்து, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் சென்னை மண்டல அலுவலகம் வழியாக டெல்லிக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஆண்டுத் திட்டத்தில் இடம் பிடித்தால்தான் பணம். தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளுக்கு மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதியைக் கேட்கலாம். அதையும் அரசுதான் கேட்க வேண்டும், குடியிருப்போர் சங்கம் நேரடியாகக் கேட்க முடியாது. ஆகவே உங்கள் மனு, கோட்டச் செயற்பொறியாளரிடம் 'விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க இந்த ஆண்டே ஆலோசகரை நியமியுங்கள்' என்று கேட்பதாக இருக்கட்டும். 'மேம்பாலம் வேண்டும்' என்ற ஒற்றை வரி மனுவைக் கோப்பில் வைப்பதற்கு மேல் அவரால் எதுவும் செய்ய முடியாது.

கேள்வி: போக்குவரத்துக் கணக்கெடுப்பில் எங்கள் சந்திப்பு மேம்பாலத்துக்குத் 'தகுதி பெறவில்லை' என்றார்கள். தினமும் அரை மணி நேரம் நிற்கிறோமே, எப்படி?
– வாசகர், செம்மண்டலம், கடலூர்

பதில்: கணக்கு தவறியிருக்க வாய்ப்பு உண்டு. நகரச் சந்திப்பில் சேரும் எல்லாச் சாலைகளிலும் சேர்த்து மணிக்கு 10,000 'கார் அலகு'க்கு (ஒரு கார் = 1) மேல் வந்தால் தளம் பிரித்த சந்திப்பு, அதாவது மேம்பாலம் போன்றது, தேவை என்கிறது சாலை வடிவமைப்பு விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி. வண்டிகளை வெறுமனே எண்ணினால் போதாது, ஒவ்வொரு வண்டியையும் கார் அலகாக மாற்ற வேண்டும். நம் ஊரில் கோளாறு பைக்கில்தான் வருகிறது. மொத்தத்தில் பைக் 5 சதவீதம் என்றால் ஒரு பைக்குக்கு 0.5, 10 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 0.75. கடலூர், புதுச்சேரியில் பைக்கின் பங்கு அதைவிட எங்கேயோ மேலே இருக்கிறது. இருந்தும் பழக்கத்தில் 0.5 போட்டுவிடுகிறார்கள்.

எடுத்துக்காட்டுக்கு, உச்ச மணியில் பைக் 6,000, கார் 1,500, ஆட்டோ 400, பஸ்ஸும் லாரியும் 300 என்று வையுங்கள். ஆட்டோவுக்கு 1.2, பஸ், லாரிக்கு 2.2. பைக்குக்கு 0.75 போட்டால் மொத்தம் 7,140. 0.5 போட்டால் 5,640. ஆண்டுக்கு 5 சதவீத வளர்ச்சியில் முதல் கணக்கு 7 ஆண்டில் 10,000-ஐத் தாண்டும், இரண்டாவதற்கு 12 ஆண்டு ஆகும். இந்த ஐந்து ஆண்டு வித்தியாசத்தில்தான் கோப்பு திரும்பி வருகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் கணக்கெடுப்புத் தாளையே கேட்டு வாங்குங்கள். அதில் பார்க்க வேண்டியவை: பள்ளி விடுமுறையிலோ பொங்கல் வாரத்திலோ எடுத்தார்களா, 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு உண்டா, நாற்சந்தியின் 12 திரும்பல்களும் தனித்தனியாக எண்ணப்பட்டனவா.

இன்னொரு வழியும் இருக்கிறது. 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்பு அல்லது கொடுங்காய விபத்து 5, அல்லது 10 உயிரிழப்புகள் என்றால் அது 'கரும்புள்ளி'. காவல் நிலைய விபத்துப் பதிவோடு இதைக் காட்டினால், நெரிசல் கணக்கில் தகுதி பெறாத சந்திப்பும் விபத்துத் தடுப்புப் பணியாக நிதிக்குள் வரும். ஆனால் முதலில் கிடைப்பது சிக்னல், தடுப்பு, வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடுகள்தான். மேம்பாலம் நீண்டகாலத் தீர்வாகப் பிறகு வரும்.

கேள்வி: பாலம் கட்டினால் நெரிசல் அடுத்த சந்திப்புக்கு நகர்ந்துவிடாதா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: நகரும், பாலத்தின் சரிவு அங்கே போய் இறங்கினால். பாலத்தின் அடியில் 5.5 மீட்டர் உயரம் விட வேண்டும். கர்டரும் (தாங்கும் உத்தரம்) தளமும் சேர்ந்து 2 மீட்டர் என்றால் 7.5 மீட்டர் ஏற வேண்டும். 30-க்கு 1 சரிவில் ஒரு பக்கத்துக்கே 225 மீட்டர். அகலமும் கேட்கும்: நான்கு வழிப் பாலம், இருபுறமும் சர்வீஸ் ரோடு, வடிகால், நடைபாதை எல்லாம் சேர்த்தால் 35 மீட்டரை நெருங்கும். நம் 'நூறடிச் சாலை' என்பதே 30.5 மீட்டர்தான்! அந்த நாலரை மீட்டருக்குக் கடை இடிக்க வேண்டும், அல்லது சர்வீஸ் ரோட்டைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் கட்டும் காலம் முழுக்கப் பஸ் நகராது. பெரும்பாலான வண்டிகள் ஊருக்குள் நிற்காமல் கடந்து போகிறவை என்றால் அமைச்சகம் கேட்கும் முதல் கேள்வி 'புறவழிச்சாலை ஏன் போதாது?' என்பதுதான். வண்டிகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்ற புறப்பாடு–சேருமிடக் கணக்கெடுப்பு இல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: என் கடை போகும் என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், புதுச்சேரி

பதில்: தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-இன் 3ஏ அறிவிப்பு (நிலம் எடுக்கப் போகிறோம் என்பது) வந்ததும் 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுத்தில் கொடுங்கள். 3ஏ வெளியான ஓராண்டுக்குள், நிலம் எடுப்பதை உறுதிசெய்யும் 3டி அறிவிப்பு வராவிட்டால் 3ஏ காலாவதியாகும். இழப்பீடு 2013 நில எடுப்புச் சட்டப்படி: சந்தை மதிப்பு, அதற்குச் சமமான ஆறுதல் தொகை. கட்டட மதிப்பீட்டின் நகலைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள். தொகை குறைவு என்று தோன்றினால், 3ஜி பிரிவின்கீழ் நடுவரிடம் போகலாம்.