தாக்கி ஆடும் பாணியை மாற்ற வேண்டுமா?

கேள்வி: மூன்று வருடமாக ஆன்லைனில் செஸ் ஆடுகிறேன், பெரும்பாலும் ஆளுக்கு 3 நிமிடமே உள்ள பிளிட்ஸ் ஆட்டம். முதல் வருடத்தில் மளமளவென 1200 ரேட்டிங்கைத் தொட்டேன். அதன்பின் ஏறவே இல்லை. பசிலில் (ஜெயிக்கும் மூவைக் கண்டுபிடிக்கும் புதிர்) மட்டும் 1900. நான் தாக்கி ஆடுகிறவன். குதிரையையும் பிஷப்பையும் கொடுத்தாவது எதிராளி ராஜாவின் பக்கத்திலிருக்கும் எஃப்7 கட்டத்துச் சிப்பாயை வெட்டி ராஜாவை வெளியே இழுப்பேன். இனி நிதானமாக ஆடினால் ரேட்டிங் ஏறுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பாணியைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த எஃப்7 விஷயம்.

எதிராளி கேஸ்லிங் செய்து, ஒரே மூவில் ராஜாவை ஜி8-க்கும் யானையை எஃப்8-க்கும் கொண்டுபோய்விட்டார். உங்கள் பிஷப் சி4-ல், குதிரை ஜி5-ல். குதிரை சிப்பாயை வெட்டுகிறது. யானை குதிரையை வெட்டுகிறது. பிஷப் யானையை வெட்டி செக் வைக்கிறது. ராஜா பிஷப்பை வெட்டுகிறார். குதிரைக்கும் பிஷப்புக்கும் தலா 3, யானைக்கு 5, சிப்பாய்க்கு 1 என்பது வழக்கமான மதிப்பு. நீங்கள் கொடுத்தது 3+3, வாங்கியது 5+1. ஆறுக்கு ஆறு, நஷ்டமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் பலகையைப் பாருங்கள். வெளியே வந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு காய்களும் போய்விட்டன. உங்கள் யானைகள் இன்னும் முதல் வரிசையை விட்டு அசையவில்லை. ராஜா எஃப்7-ல் தனியாகத்தான் நிற்கிறார், ஆனால் அவரைத் துரத்த உங்களிடம் ஆளில்லை. வேண்டும்போது ஜி8-க்குத் திரும்பிவிடுவார். ஆட்டம் இன்னும் சூடு பிடிக்காத அந்த நேரத்தில் ஒரு யானையும் சிப்பாயும் குதிரை, பிஷப் என்ற இரண்டு சிறு காய்களுக்கு ஈடாவது அபூர்வம்.

1960-ல் உலக சாம்பியனான மிகைல் டாலும் காய்களை வாரி வழங்கியவர்தான். கொடுத்தது போக ராஜாவைச் சூழ்ந்துகொள்ள அவரிடம் காய்கள் மிச்சம் இருக்கும். எனவே தாக்குவதை விட வேண்டாம். காயைக் கொடுக்கும் முன் 'இதற்கப்புறம் செக் வைக்க யார் இருக்கிறார்கள்?' என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். ராணியைத் தவிர யாருமில்லை என்றால், இன்னொரு காயைக் கொண்டுவந்துவிட்டுத் தொடங்குங்கள்.

பசிலில் 1900 என்பதை ரொம்பவும் நம்ப வேண்டாம். அது தனி அளவுகோல். ஆட்ட ரேட்டிங்கோடு ஒப்பிட முடியாது. தவிர, அங்கே ஜெயிக்கும் மூவ் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துதான் தேடுகிறீர்கள். ஆட்டத்தில் அப்படி யாரும் வந்து சொல்வதில்லை. அதுவும் 3 நிமிடத்தில் 40 மூவ் என்றால் ஒன்றுக்கு நாலரை விநாடி. அதற்குள் கை பழகியதைத்தான் ஆடும். அதே எஃப்7 இத்தனை காலம் தொடர்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே கொஞ்ச நாள் பிளிட்ஸை மூட்டை கட்டுங்கள். 15 நிமிடம், மூவுக்கு 10 விநாடி கூடுதல் என்ற ரேபிடில் நாளுக்கு ஓர் ஆட்டம் போதும். தோற்றால் உடனே இன்ஜினை (ஆட்டத்தை அலசிச் சொல்லும் கணினி நிரல்) திறக்காதீர்கள். எந்த மூவில் கெட்டது, அப்போது எதை எதிர்பார்த்தீர்கள் என்று நீங்களே எழுதிவிட்டு, அப்புறம் இன்ஜினைக் கேளுங்கள். இந்தக் கட்டத்தில் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் காவல் இல்லாமல் விட்ட ஒரு காய், அல்லது எதிராளியின் கடைசி மூவ் எதைக் குறிவைக்கிறது என்று பார்க்காதது. புது ஓப்பனிங் வீடியோக்கள் இதற்கு உதவாது. (அவற்றைப் பார்ப்பது சுகமாக இருக்கும், அது வேறு.)

ரேட்டிங் பற்றியும் ஒரு வார்த்தை. இருவரின் ரேட்டிங்கில் 200 வித்தியாசம் இருந்தால், நூறு ஆட்டத்தில் வலியவருக்குச் சுமார் 76 புள்ளி (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை) கிடைக்கும் என்பது ஈலோ எனும் ரேட்டிங் முறையின் கணக்கு. 1400 உள்ளவரிடம் நான்கில் ஒன்று ஜெயித்தாலே உங்களுக்கு நியாயமான பங்கு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் 50 ஏறுவதும் இறங்குவதும் சகஜம். எந்தத் தளத்தில் ஆடுகிறீர்கள் என்று எழுதவில்லை. லிசெஸ் என்றால் ரேட்டிங்கை மறைத்துவைக்கும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. ஒரு மாதம் அதைப் போட்டுவிட்டு ஆடுங்கள்.