ஒரு மழைக்காலம் போகட்டும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜ் வேலை. கையில் 50,000 ரூபாய் வருகிறது. அதில் பேசிக், டி.ஏ. சேர்த்து 26,000. நாலரை வருட சர்வீஸ். மூன்று வருடமாக வார லீவில் புதுச்சேரிக்குப் போய் ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுடும் கெட்டியான வகை) மட்பாண்டம் பழகினேன். இப்போது வீட்டுப் பின்கட்டில் சக்கரம் போட்டாயிற்று. சுடுவது மட்டும் தெரிந்தவர் சூளையில். ஒயிட் டவுனில் ஒரு கடைக்காரர் என் கப்புகளைக் கேட்கிறார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் மண்ணோடு இருக்க ஆசை. ‘இன்னும் ஒரு வருஷம் போகட்டும்’ என்கிறாள் மனைவி. வீட்டுச் செலவு மாதம் 32,000. என்ன செய்யலாம்?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். உங்கள் கைவேலையில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. கணக்குத்தான் இன்னும் போடப்படவில்லை.

கடையில் ஒரு கப் 400 ரூபாய் என்று வையுங்கள். கடைக்காரர் 40 சதவீதம் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு 240. மண், கிளேஸ் (கண்ணாடி போன்ற மேல்பூச்சு), இரண்டு முறை சுடும் கூலி, பேக்கிங் எல்லாம் சேர்ந்து கப்புக்கு 70 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு இரண்டு வீணாகும். அதாவது பத்து கப்புக்கு 700 செலவழித்து, எட்டை விற்று 1,920 வாங்குகிறீர்கள், மிச்சம் 1,220. இந்தக் கணக்கில் 32,000 வேண்டுமானால் மாதம் சுமார் 262 கப் வனைந்து 210 விற்க வேண்டும். பின்கட்டின் கரண்ட் பில், புதுச்சேரிக்குப் போய்வரும் பெட்ரோல் இதில் சேரவில்லை. ஒரே கடையில் மாதாமாதம் 210 கப் போகுமா? நாலைந்து கடையாவது பிடிக்க வேண்டியிருக்கும். 1971-ல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி தொடங்கப்பட்டதிலிருந்து ஸ்டோன்வேருக்குப் பேர்போன ஊர் புதுச்சேரி. அங்கே கடைக்காரருக்கும் வாங்க வருபவருக்கும் நல்ல கப் எது என்று தெரியும். போட்டியும் அதற்கேற்றபடி இருக்கும்.

இனி, பத்துக்கு இரண்டு என்று போட்டோமே, அந்தச் சேதம். அதை மழைக்காலம்தான் தீர்மானிக்கும். சித்திரை வெயிலில் நாலைந்து நாளில் காயும் கப், ஐப்பசி கார்த்திகையில் இரண்டு வாரம் ஆனாலும் காயாது. மேலே வெளிறிவிடும், அடியில் ஈரம் நிற்கும். காய்ந்ததா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடிப்பாகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது. அப்படியே சூளையில் ஏற்றினால் 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கப்பை உடைத்துவிடும். சிதறும் சில்லு பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். மழை மாதங்களில் 80–90 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்தி, மூடியைக் கொஞ்சம் திறந்துவைத்து ஈரத்தை விரட்டிய பிறகே சூட்டை ஏற்ற வேண்டும். 573 டிகிரியை ஒட்டி மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே நிதானம் வேண்டும். அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் விரிசல்தான்.

கைப்பிடி ஒட்டும் இடத்தில் கீறல் விடுவதற்குக் காரணம் வேறு. கப் முந்திக் காய்ந்திருக்கும், கைப்பிடி பச்சையாக இருக்கும். இரண்டும் ஒரே அளவு சுருங்காது. இரண்டும் தோல் பதத்தில், அதாவது பாதி காய்ந்து வளையாமல் நிற்கும் பதத்தில் இருக்கும்போது ஒட்டி, பிளாஸ்டிக் தாளால் மூடி இரண்டு நாள் வையுங்கள். சுருக்கத்தையும் மறக்காதீர்கள். 12 சதவீதம் சுருங்கும் மண்ணில் 10 செ.மீ. உயரம் வனைந்தால் கடைசியில் 8.8 செ.மீ.தான் நிற்கும். கடைக்காரர் 200 மில்லி கப் கேட்டால் இந்தக் கணக்கை முதலிலேயே போட வேண்டும்.

ஆகவே வேலையில் இருந்தபடியே ஒரு அக்டோபரிலிருந்து ஜனவரி வரை நோட்டுப் போட்டு எழுதுங்கள்: வனைந்தது எத்தனை, முதல் சூட்டில் தேறியது எத்தனை, கிளேஸ் சூட்டில் தேறியது எத்தனை, விற்றது எத்தனை, கைக்கு வந்த பணம் எவ்வளவு. பில் போட்ட தொகையை எழுதாதீர்கள், வந்த பணத்தை மட்டும் எழுதுங்கள். நூற்றுக்கு எண்பது தேறி, மூன்று மாதம் தொடர்ந்து வீட்டுச் செலவில் பாதியாவது கைக்கு வந்தால் ராஜினாமா பற்றிப் பேசலாம். ஷிப்ட் வேலைக்கு நடுவே பாதி வந்தால், முழுநேரத்தில் மீதியைப் பிடிக்க வழி இருக்கிறது.

அதே நோட்டில் நேரத்தையும் குறித்து வையுங்கள். சக்கரத்தில் உட்காரும் நேரம் மொத்தத்தில் மிகச் சிறிய பங்குதான் என்பது தெரியவரும். மண் பிசைவது, அடி சீவுவது, தூசி துடைப்பது, சூளை அடுக்குவது, வைக்கோல் வைத்துக் கட்டுவது, கடைக்காரரிடம் பாக்கி கேட்பது, இவைதான் மிச்சம் எல்லாம். இதெல்லாம் உங்களுக்கு அலுக்கவில்லை என்றால் இது உங்கள் தொழில்தான், மனதார வாழ்த்துகிறோம்.

வேலையை விடுவதற்கு முன் சில காரியங்கள். ஐந்து வருடம் முடித்துவிடுங்கள். கிராஜுவிட்டிக் கணக்கு 26,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5 வருடத்தால் பெருக்குவது: 75,000 ரூபாய். இன்னும் ஆறு மாதம்தானே, அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். பி.எஃப். பணத்தை எடுத்துச் சூளை வாங்காதீர்கள். பன்னிரண்டு மாத வீட்டுச் செலவு, 3,84,000 ரூபாய், தனி டெபாசிட்டில் இருக்கட்டும். கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். தனிப் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருப்பு உண்டு; அதனால் அதை இன்றே எடுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று. முள்ளோடையைத் தாண்டினால் அது ஜி.எஸ்.டி. கணக்கில் வெளிமாநிலம். தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் வருட விற்பனை 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். புதுச்சேரிக் கடைக்கு விற்றால் அந்த வரம்பு உதவாது. பட்டியலிட்ட கைவினைப் பொருள்களுக்கு 20 லட்சம் வரை விலக்கு இருக்கிறது. ஆனால் பான் வேண்டும். எவ்வளவு சிறிய தொகை என்றாலும் இ-வே பில்லும் (சரக்கை எடுத்துச் செல்ல ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டும். உங்கள் கப் அந்தப் பட்டியலில் எந்தத் தலைப்பில் வருகிறது என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ‘விற்ற பிறகு பணம்’ என்று சரக்கு வைத்தால், எண்ணிக்கையும், கடையில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: கல்யாண போட்டோகிராபர் நான். தண்டல் கடன் கழுத்தை நெரிக்கிறது. முந்திரி கம்பெனி ஒன்றில் 28,000 சம்பளத்துக்குக் கணக்கு வேலை கிடைத்திருக்கிறது. கேமராவை விட்டுப் போவது தோல்வி போலத் தோன்றுகிறது.
– வாசகர், பண்ருட்டி

பதில்: தயங்காமல் போய்ச் சேருங்கள். 8,500 கையில் வாங்கி, தினம் 100 வீதம் 100 நாள் கட்டும் தண்டலில், பாக்கி குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் வட்டி வருடத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. அந்த வட்டிக்கு எந்தக் கலையும் ஈடுகொடுக்காது. முதல் சம்பளத்திலிருந்து தண்டலை மட்டும் அடையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் எப்படியும் கல்யாணம் இல்லை. மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தங்களை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். சேரும்போதே இதை முதலாளியிடம் சொல்லிவிடுவது நல்லது. லென்ஸைப் பையிலேயே போட்டு வைக்காதீர்கள், நம் கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடுங்கள்.