மறைந்த நகரங்களும் மண் அடுக்குகளும்: கேள்வி பதில்

கடற்கரைப் படிவுகளைத் தோண்டிப் பார்ப்பது என் தொழில். பழைய நகரங்கள் எப்படி அழிந்தன என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கே: ஓர் ஊர் ஒரே நாளில் அழிந்ததா, மெல்ல மெல்லக் காலியானதா என்று மண்ணை வைத்துச் சொல்ல முடியுமா? (சேலம்)

பெரும்பாலும் முடியும். இத்தாலியின் பழைய நகரமான பொம்பெயியில் கீழே நுரைக்கல், மேலே எரிமலைச் சாம்பல் என்று பல அடுக்குகள் கிடக்கின்றன. அத்தனையும் கி.பி. 79இல் ஓரிரு நாளில் விழுந்தவை. துருக்கியின் மிலேட்டஸ் கதை வேறு. மெண்டெரஸ் ஆற்று வண்டல் அதன் துறைமுகத்தை நூற்றாண்டுக் கணக்கில் தூர்த்தது. ஊருக்கு எதிரே கடலில் இருந்த லாடே தீவு இன்று சமவெளிக்கு நடுவே ஒரு மேடு. அங்கே யாரும் உயிருக்குப் பயந்து ஓடவில்லை. கப்பல் வருவது நின்றது, வியாபாரம் படுத்தது, ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்.

கே: கிரேக்க நகரமான ஹெலிக்கேயைக் கடலில் தேடிவிட்டுக் கடைசியில் நிலத்தில் கண்டுபிடித்தார்களாமே, உண்மையா? (கோவை)

உண்மைதான். எனக்கு மிகவும் பிடித்த கதையும் இதுதான். கொரிந்த் வளைகுடாவின் தென்கரையில் இருந்த ஊர் அது. கி.மு. 373 குளிர்காலத்தில் ஓர் இரவு நிலநடுக்கம், பின்னாலேயே அலை. ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. கிரேக்கக் கடல் தெய்வமான பொசைடனின் வெண்கலச் சிலை நீருக்கடியில் நின்றபடியே மீனவர் வலைகளுக்கு ஆபத்தாக இருப்பதாகப் படகுக்காரர்கள் சொன்னதை ஸ்ட்ராபோ என்ற பழங்காலப் புவியியலாளர் எழுதிவைத்திருக்கிறார். சிலை நின்ற இடத்துக்கு அவர் தரும் சொல் 'போரோஸ்'. அதை நீரிணை என்று எடுத்துக்கொண்டுதான் வளைகுடாவில் தேடினார்கள். 1988இல் சோனார் கருவியால் துழாவியும் ஊர் கிடைக்கவில்லை.

ஊரைத் தேடிய ஆய்வாளர்கள் டோரா கட்சோனோபுலுவும் ஸ்டீவன் சோட்டரும் வேறு மாதிரி யோசித்தார்கள். அந்தச் சொல் கரைக்கு உள்ளே இருந்த உப்பங்கழியைக் குறித்தால்? ஊர் கடலிலிருந்து 12 ஸ்டேடியம், அதாவது ஏறக்குறைய 2 கி.மீ. உள்ளே இருந்தது என்ற குறிப்பும் ஸ்ட்ராபோவிடமே இருக்கிறது. சரி என்று கரைச் சமவெளியில் துளை போட ஆரம்பித்தார்கள்.

துளையில் வரும் களிமண்ணைச் சல்லடையில் கழுவினால் கடுகைவிடச் சிறிய ஓடுகள் தங்கும். இறால், நண்டுக்குத் தூரத்து உறவான ஆஸ்ட்ரகோட் என்ற உயிரியின் ஓடுகள். நல்ல தண்ணீரில் ஒரு வகை வாழும், உவர்நீரில் இன்னொரு வகை, கடலில் வேறு. இந்த ஓடுகளை லென்ஸில் பார்த்தாலே அந்த மண் எந்தத் தண்ணீருக்கு அடியில் படிந்தது என்று தெரிந்துவிடும். ஹெலிக்கே சமவெளியில் கிடைத்தது உப்பங்கழிக் களிமண். 2001இல் ரிஸோமைலோஸ் என்ற கிராமத்தில் அந்தக் களிமண்ணுக்கு அடியில் இடிந்த கட்டடங்களே கிடைத்தன. நிலம் தாழ்ந்து கழியாகி, பிறகு ஆற்று வண்டலில் மேடாகியிருக்கிறது.

கே: நிலநடுக்கத்தில் வீடு இடியும், சரி. ஊரே எப்படி உள்ளே இறங்கும்? (நாகப்பட்டினம்)

உங்கள் ஊர்க் கடற்கரையிலேயே பார்க்கலாம். அலை திரும்பிய ஈர மணலில் நின்று காலை வேகமாக ஆட்டுங்கள். கெட்டியாக இருந்த மணல் கூழாகிக் கால் புதையும். மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் குலுக்கலில் ஏறி, துகள்களின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. நைல் முகத்துவாரத்தில் இருந்த ஹெராக்ளியான் நகரக் கட்டடங்கள் புதைந்ததற்கும் அடியில் இருந்த ஈர மண் இப்படி இளகியதே காரணம் என்கிறார்கள். இன்று அது அபுகிர் விரிகுடாவில் சுமார் 10 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

கே: எங்கள் கொற்கையையும் கடல்தான் கொண்டுபோனதா? (தூத்துக்குடி)

நேர் எதிர். கடல்தான் கொற்கையை விட்டுப் போனது. முத்துக்குப் பேர்போன அந்தத் துறைமுகம் இன்று கரையிலிருந்து ஏறத்தாழ 6 கி.மீ. உள்ளே இருக்கிறது. தாமிரபரணி வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போக, துறைமுகமும் பழையகாயல், புன்னைக்காயல் என்று கடலைத் துரத்தியது. எந்தப் பழைய ஊரானாலும் 'கடல்கோள்' என்று ஒரே பதிலைச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

கே: வறட்சி மண்ணில் தெரியுமா? (திருச்சி)

ஏரியின் அடியில் தெரியும். மெக்சிகோவின் சிச்சன்கனாப் ஏரியில் தண்ணீர் வற்றும்போதெல்லாம் ஜிப்சம் என்ற கனிமம் படியும். மாயா நகரங்கள் காலியான காலத்துச் சேற்றில் அந்த ஜிப்சம் அடுக்குகள் இருக்கின்றன. ஆனாலும் வறட்சி இருந்ததற்குத்தான் அது சாட்சி. வறட்சிக்கு மக்கள் என்ன செய்தார்கள் என்பதை ஜிப்சம் சொல்லாது.

கே: பைபிளில் வரும் சோதோம் நகரம் விண்கல் வெடித்து அழிந்தது என்று நிரூபித்துவிட்டார்களே? (சென்னை)

இல்லை. ஜோர்டானில் உள்ள டெல் எல்-ஹம்மாம் என்ற தொல்லியல் மேட்டை வைத்து 2021இல் அப்படி ஒரு கட்டுரை வந்தது. வெளியிட்ட இதழே 2025இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உங்களுக்கு வந்த ஃபார்வர்டை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை!

கே: வீட்டில் போர் போடப் போகிறோம். நாங்களும் ஏதாவது பார்க்கலாமா? (காரைக்கால்)

தாராளமாக. வெளியே வரும் மண்ணைப் பத்தடிக்கு ஒரு பிடி எடுத்துத் தனித்தனிப் பையில் போட்டு ஆழத்தை எழுதுங்கள். நிறம் எங்கே மாறுகிறது, கிளிஞ்சல் துண்டு வருகிறதா என்று பாருங்கள். போர்க்காரர் அவசரப்படுத்துவார், அதனால் மண் அள்ள ஓர் ஆளை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள்.