சித்தப்பா வண்டி வீட்டிலேயே இருக்கட்டும்

கேள்வி: உச்சிப்புளி, மண்டபம், ராமநாதபுரம் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து நாங்கள் ஆறு பேர் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பாம்பன் பாலம் தாண்டி அரிச்சல்முனை வரை போய்வருவோம். அடுத்த மாதம் கர்நாடகாவில் நந்திமலை ஏறுகிற ரேஸ் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். வெளிமாநில ரேஸ் எல்லாருக்குமே முதல் தடவை. என் சித்தப்பாவிடம் ஏழு சீட் வண்டி ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி நான் அதை ஓட்டிக்கொண்டு போவது, ஞாயிறு காலை ரேஸ் முடிந்ததும் அன்றைக்கே திரும்புவது என்று என்னைக் கேட்காமலே குரூப்பில் முடிவாகிவிட்டது. எங்களில் வேகமான அண்ணன் ஒருத்தர் இருக்கிறார். மற்ற ஐந்து பேரும் அவருக்குக் காற்று மறைத்துக் கொடுத்தால் மேடை ஏறிவிடலாம் என்கிறார். டீமிலேயே மெதுவான ஆள் நான்தான், அதனால் எதிர்த்துப் பேசவும் கூச்சமாக இருக்கிறது. பேசாமல் நான் மட்டும் ரயிலில் போய்விடட்டுமா?
– பெயர் வேண்டாம், உச்சிப்புளி

பதில்: தம்பி, ரயிலில் தனியாகப் போக வேண்டாம். டீமோடு போங்கள். ஆனால் சித்தப்பா வண்டி வேண்டாம், நீங்கள் டிரைவராகவும் வேண்டாம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஆறு பேர், ஆறு சைக்கிள், ஆறு பை, அப்புறம் பம்பு, டூல்ஸ், ஹெல்மெட், தண்ணீர் கேன். ஏழு சீட் வண்டியில் ஆறு பேர் உட்கார்ந்தாலே பின்னால் ஒரு பெட்டி வைக்கத்தான் இடம் இருக்கும். சைக்கிள்களை மேலே கேரியரில் மூன்று, பின்கதவு கேரியரில் மூன்று என்று கட்டினால், பின்னால் தொங்குகிற மூன்றும் நம்பர் பிளேட்டையும் பிரேக் லைட்டையும் மறைக்கும், வழியில் நிறுத்திக் கேட்டால் பதில் இருக்காது. மேலே இருக்கிற மூன்றையோ ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள், லாட்ஜின் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் வண்டி நுழைகிற வரைக்கும். வண்டியில் கீறல் விழுந்தால் சித்தப்பாவுக்குப் பதில் சொல்லப்போவது அந்த அண்ணன் இல்லை, நீங்கள்தான்.

ஆகவே டிரைவரோடு ஒரு 12 சீட் டெம்போ டிராவலர் பேசுங்கள். பின்வரிசை சீட்டைக் கழற்றித் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றி, ஒவ்வொரு சைக்கிளுக்கும் நடுவில் பழைய போர்வை ஒன்றைப் போட்டு, செயினும், கியர் மாற்றுகிற டீரெயிலரும் இருக்கிற பக்கம் எதுவும் அழுத்தாதபடி நிறுத்திக் கட்டினால் ஆறும் அடங்கும். கர்நாடகாவுக்குள் போக பர்மிட் இருக்கிறதா, இல்லையென்றால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும். "தெரிஞ்சவர் கார் ஒண்ணு இருக்கு, வாடகை கம்மி" என்று யாராவது வெள்ளை நம்பர் பிளேட் வண்டியைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நண்பர்கள் சொந்தக் காரில் டீசல் பங்கு போட்டுக்கொண்டு போவது வேறு விஷயம். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு எடுத்து ஏதாவது ஆனால் இன்சூரன்ஸில் வம்புதான்.

நீங்கள் ஓட்டக் கூடாது என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போகும்போது கூட எப்படியோ சமாளித்துவிடுவீர்கள், நடுவில் சனிக்கிழமை ராத்திரி தூங்கக் கிடைக்கும். எனக்குப் பயம் திரும்பி வருகிற பயணத்தில்தான். நந்திமலையிலிருந்து ராமநாதபுரம் சுமார் 600 கிலோமீட்டர். அந்த மலை பெங்களூருக்கு வடக்கே இருக்கிறது, நாம் தெற்கே. அதனால் முதலில் அந்த நகரத்தின் டிராஃபிக்கைக் கடக்க வேண்டும், பிறகு ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி. காலை நாலு மணிக்கு எழுந்து, மலை ஏறி, கால் நடுங்க இறங்கி வந்து, மத்தியானம் பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாய் வரும். லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து மோதிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். போகும்போது அது ஏற்றம், திரும்பும்போதுதான் இறக்கம். அந்த இறக்கத்துக்கு நீங்கள் இருட்டுகிற நேரத்தில், உள்ளே அஞ்சு பேர் குறட்டை விட, வந்து சேருவீர்கள். முதல் நாள் ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்த டிரைவர் ஒருவர் ஓட்டட்டும். அவருடைய பேட்டா, சாப்பாடு, படுக்க இடம் எல்லாமே டீம் செலவு. அவரை வண்டிக்குள்ளேயே படுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஏசி ரூமில் தூங்கினால் நான் சொன்னதற்கு அர்த்தமே இல்லை.

ரூமை நகரத்துக்குள் போடாதீர்கள். தேவனஹள்ளி அல்லது சிக்கபள்ளாப்பூர் பக்கம் தேடுங்கள். ரேஸன்று விடிகாலையில் எழுந்து அறுபது கிலோமீட்டர் பயணம் செய்யத் தேவையில்லை.

இப்போது அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கேட்பதில் தப்பில்லை, சைக்கிள் டீம் என்றாலே ஒருவருக்காக மற்றவர்கள் உழைப்பதும் அதில் உண்டு. ஆனால் கேட்கிற இடம்தான் தப்பு. சமதரையில் வேகமாகப் போகும்போது நம்முடைய உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்குத்தான் போகிறது, அதனால் முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருகிறவருக்குப் பெரிய மிச்சம். மலையில் அப்படியில்லை. செங்குத்தான இடத்தில் மணிக்கு 12 கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எதிரி காற்று இல்லை, உடம்பின் எடைதான். அங்கே நீங்கள் ஐந்து பேரும் முன்னால் போனாலும் அண்ணனுக்குப் பெரிய லாபம் கிடையாது. அதுவுமில்லாமல் அவர் வேகத்துக்கு நீங்கள் முன்னால் போகவே முடியாதே! நீங்கள்தான் மெதுவான ஆள் என்கிறீர்கள்.

அதனால் இப்படிப் பேசி முடியுங்கள். அடிவாரம் வரை ரோடு சமமாக இருந்தால் அதுவரை மாறி மாறி அவருக்கு முன்னால் ஓட்டுங்கள், ஏற்றம் தொடங்கினதும் அவரவர் ரேஸ். இதற்கு முன்னால் ரேஸின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். எல்லாரும் ஒன்றாகக் கிளம்புகிற ரேஸா, ஒவ்வொருவராக நேரம் பார்த்து விடுகிற டைம் ட்ரையலா? டைம் ட்ரையல் என்றால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகவே கூடாது, அண்ணனின் திட்டம் அங்கேயே முடிந்தது.

உங்களுக்குத் தெரியாமலே உங்களிடம் ஒரு பலம் இருக்கிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் அரிச்சல்முனை ரோட்டில் காற்று பக்கவாட்டில்தான் அடிக்கும். இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு மரம் கிடையாது. அதில் நேர் பின்னால் போகாமல் சாய்வாக வரிசை கட்டி ஓட்டிப் பழகினவர்கள் நீங்கள். பெங்களூரு பையன்கள் நிறைய பேருக்கு அது வராது. அடிவாரத்துக்கு முன்னால் திறந்த வெளியில் காற்று வீசினால் உங்கள் ஆறு பேரின் நேரம் அது.

பலவீனம் என்னவென்று சொல்லத் தேவையில்லை, நம் மாவட்டத்தில் பாம்பன் பாலத்து ஏற்றத்தை விட்டால் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? நந்திமலை உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர். பெங்களூரே 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் அவ்வளவையும் நீங்கள் மிதிக்க வேண்டியதில்லை, ஆனாலும் ஏழெட்டு கிலோமீட்டர் விடாமல் ஏற்றம். எதிர்க்காற்றில் கனமான கியரில் மெதுவாக மிதித்துப் பழகுங்கள், ஓரளவுக்கு உதவும். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 28 பல் என்றால் 32 அல்லது 34 பல் உள்ளதாக மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். உங்கள் டீரெயிலர் அதைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவது பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறேன். கடற்கரையில் ஓட்டுகிறவர்களுக்கு வளைவில் இறங்கிய அனுபவமே இருக்காது. வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் போன பிறகு பதறிப் பிடிக்கக் கூடாது. இதைப் படித்தால் வராது, இறங்கித்தான் பழக வேண்டும். எனவே ரேஸுக்கு முன் ஒரு ஞாயிறு ஆறு பேரும் அதே டெம்போவில், அதே டிரைவரோடு, திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்குப் போங்கள். 18 கொண்டை ஊசி வளைவுகள். காலும் பழகும், பிரேக்கும் பழகும், சைக்கிள் கட்டுவதும் பழகும். யார் ஒரு மணி நேரம் லேட்டாக வருகிறார், யார் டோல் காசு கேட்டால் போனைப் பார்க்கிறார் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். உச்சியில் வியர்த்த உடம்போடு அப்படியே இறங்கினால் குளிரில் விரல் விறைத்து பிரேக்கே பிடிக்க வராது. ஒரு காற்றுத்தடுப்பு ஜாக்கெட், அது இல்லையென்றால் ஜெர்சிக்குள் நெஞ்சுப் பக்கம் ஒரு நியூஸ் பேப்பர். இது பழைய சைக்கிள் வீரர்களின் வழக்கம்தான், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பணம். ஒருவரைப் பொருளாளர் ஆக்குங்கள், வேகமான அண்ணனைத் தவிர யாராக இருந்தாலும் சரி. வாடகை, டீசல், டோல், பர்மிட், பேட்டா, ரூம் எல்லாவற்றுக்கும் ஒரு தோராயத் தொகையை முன்பணமாக வாங்கிவிடட்டும், மிச்சம் இருந்தால் திருப்பித் தரலாம். கடைசி நேரத்தில் வரவில்லை என்கிறவரும் வண்டிப் பங்கும் ரூம் பங்கும் கொடுக்க வேண்டும். இதை இப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் சண்டைதான். யாராவது விழுந்து அடிபட்டால் யார் கூடவே தங்குவது என்பதையும் பேசுங்கள். அபசகுனமாகப் பேசுகிறான் என்று ஒருத்தர் சொல்லத்தான் செய்வார், சொல்லட்டும். எல்லாருடைய ரத்த வகை, வீட்டு நம்பர், ஆதார் நகல் ஒரு கவரில் இருக்கட்டும், அது டிரைவரிடமும் ஒரு காப்பி.

திங்கட்கிழமை லீவு போட முடிந்தவர்கள் ஞாயிறு ராத்திரி அங்கேயே தங்கி விடிந்ததும் கிளம்புவதுதான் சரி. ஒருவருக்கு லீவே கிடைக்காது என்றால் அவர் மட்டும் மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் பெங்களூரில் ஏறி ராத்திரிப் பயணமாக மதுரைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்கட்டும், சைக்கிள் டெம்போவில் வரும். ரயிலில் சைக்கிளையும் கொண்டுபோக நினைத்தால் அது வேறு வேலை. பெட்டிக்குள் கொண்டுபோகிற சாமானுக்கு 100க்கு 60க்கு 25 சென்டிமீட்டர் என்று அளவு இருக்கிறது, முழு சைக்கிள் அதற்குள் வராது. பார்சல் ஆபீசில் புக் செய்து, ரயிலில் சாமான் ஏற்றுகிற பிரேக் வேனில் ஏற்ற வேண்டும்.

இதையெல்லாம் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்றுதானே கேட்கிறீர்கள்? குரூப்பில் போடாதீர்கள். குரூப்பில் எழுதினால் மற்ற நாலு பேர் பார்க்கிறார்களே என்று அவர் விறைத்துக்கொள்வார். ஞாயிறு ஓட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லுங்கள்: "அண்ணே, சித்தப்பா வண்டி தோதுப்படாதுண்ணே, சைக்கிள் அடங்காது. டெம்போ பேசுவோம், டிரைவர் போட்டுக்குவோம். நானும் ரேஸ் ஓட்டத்தான் பேர் குடுத்திருக்கேன். அடிவாரம் வரைக்கும் உங்களுக்கு முன்னாடி நான் நிக்கிறேன்." இவ்வளவு போதும். காரணங்களை அடுக்கிக்கொண்டே போனால் மன்னிப்புக் கேட்பது போல ஆகிவிடும். மெதுவான ஆளும் அதே என்ட்ரி ஃபீஸ்தானே கட்டியிருக்கிறார்?

கடைசியாக, பெடலையும் சீட் போஸ்ட்டையும் இந்த வாரமே ஒருதரம் கழற்றி, கிரீஸ் போட்டு மாட்டுங்கள். உப்புக் காற்றில் அவை இறுகிப்போயிருக்கும், கிளம்புகிற ராத்திரி அசைத்தால் அசையாது. இடது பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ். அதைக் கழற்ற கடிகார முள் போகிற திசையில் திருப்ப வேண்டும்.