எரிகிற பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடமா?

கேள்வி: எனக்கு வயது 71. சர்க்கரை வந்து 18 வருஷம். ராத்திரி படுத்தால் இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரிகிறது. போர்வை பட்டாலே வலி. ஆனால், போன வாரம் ஒரு கால் செருப்பு கழன்றது தெரியாமலே பால் பூத் வரை போய்விட்டேன்! வெந்நீரில் காலை வைக்கச் சொல்கிறாள் மகள். வைக்கலாமா டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. செருப்பு கழன்றதே தெரியாத காலுக்குச் சூடு எப்படித் தெரியும்? என் அம்மாவே தன் காலுக்கு ஒத்தடம் கொடுத்து, மறுநாள் நான் கேட்ட பிறகுதான் குதிகாலில் கொப்புளத்தைப் பார்த்தார். டாக்டர் வீட்டு லட்சணம்!

எரிச்சலும் மரத்துப்போவதும் சேர்ந்தே வரும். நரம்பு பழுதானால் வலி ஒரு பக்கம், உணர்விழப்பு மறுபக்கம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, தெரிகிறதா என்று கேட்பார்கள். அந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பாருங்கள். அது குறைந்தாலும் இதே எரிச்சல் வரும்.

எரிச்சலுக்கு ப்ரீகாபலின் போன்ற மாத்திரைகள் உண்டு. தலைசுற்றும் என்பதால் டாக்டர் குறைந்த அளவில்தான் ஆரம்பிப்பார். இரவில் எழும்போது கட்டிலில் சற்று உட்கார்ந்து, விளக்கைப் போட்டுவிட்டு நடங்கள்.

தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு. கோயிலுக்கா? வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். மத்தியானப் பிராகாரக் கல் உங்கள் காலுக்கு ஆகாது.