அடிக்கு நடவடிக்கை இல்லை, மெஷின் திருட்டுக்கு மட்டும் விசாரணையா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். கார் நிறுத்தும் தகராறில் எதிர்வீட்டுக்காரர் என் கணவரை முகத்தில் குத்திவிட்டார். மூன்று நாள் கழித்து நான் போய் ரிப்போர்ட் செய்தேன். அதே மாதம் பின்கட்டில் வைத்திருந்த புல்வெட்டும் மெஷின் திருடுபோனது. அதற்கும் ரிப்போர்ட் செய்தோம். மெஷினுக்கு விசாரணை அதிகாரி வந்து படமெல்லாம் எடுத்தார், ஆனால் ஐந்து வாரமாகப் பேச்சில்லை. அடித்ததற்கோ, 'இது ஆர்டிஎம், கோர்ட்டுக்குப் போங்கள்' என்றுவிட்டார்கள். மனுஷனைவிட மெஷின் பெரிதா? காசு விளையாடிவிட்டது என்கிறார் கொழுந்தனார். ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கு என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– ஒரு வாசகி

பதில்: காசு எதுவும் விளையாடாமலேயே இப்படித்தான் நடக்கும், சகோதரி. நம் மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது. வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடியவை ஒரு பக்கம். அப்படிக் கைது செய்ய முடியாதவை இன்னொரு பக்கம். திருட்டு, தண்டனைச் சட்டம் 379 அல்லது 380-ஆவது பிரிவில், முதல் பக்கம் விழுகிறது. கையால் குத்திச் சாதாரணக் காயம் ஏற்படுத்துவது 323-ஆவது பிரிவு. ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு என்றாலும், அது இரண்டாவது பக்கம். இந்த இரண்டாவது வகையில், அரசு வழக்கறிஞர் தரப்பு உத்தரவிடாமல் போலீஸ் தன் சிறப்பு விசாரணை அதிகாரங்களைப் பயன்படுத்த முடியாது என்று நடைமுறைச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு சொல்கிறது. அதனால்தான் உங்களை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பினார்கள். 'ஆர்டிஎம்' (ரெஃபர் டு மாஜிஸ்திரேட்) என்றால் அதுதான். கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது என்று பொருளில்லை, ஆனால் கவுன்டரில் இதை யாரும் உட்கார வைத்து விளக்குவதில்லை. அது நியாயமான குறைதான்.

இனி உங்கள் பக்கம் நடந்த பிசகு. அடி வாங்கியவர் கணவர், ரிப்போர்ட் செய்தவர் நீங்கள், அதுவும் மூன்று நாள் கழித்து. வீக்கம் வடிந்திருக்கும், மருத்துவ அறிக்கையும் இருக்காது. 'எதிர்வீட்டுக்காரர் என் கணவரை அடித்துவிட்டார்' என்று ஒரே வரியில் முடிந்திருந்தால் படிப்பவருக்கு அது அக்கம்பக்கத்துச் சண்டை, அவ்வளவுதான். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: இன்ன தேதி மாலை 6.40-க்கு, இன்ன எண் வீட்டு வாசலில், வலது கை முஷ்டியால் இரண்டு முறை, இடது கண்ணுக்குக் கீழே. இன்ன மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. பார்த்தவர்கள் இருவர், அவர்கள் பெயர் இவை.

எக்ஸ்ரேயைச் சும்மா சொல்லவில்லை. எலும்பில் சிறு விரிசல் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது கடும் காயம். 323 போய் 325 வரும், போலீஸே கைது செய்யலாம். கத்தியோ இரும்புக் கம்பியோ பயன்பட்டிருந்தால் 324. கன்னத்தில் இன்னும் வலி இருக்கிறதென்றால் கணவரை முதலில் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். விரிசல் தெரிந்தால் அவரே போய், பழைய ரிப்போர்ட் எண்ணைக் குறிப்பிட்டு இன்னொரு ரிப்போர்ட் செய்யட்டும். எந்த போலீஸ் நிலையத்திலும் செய்யலாம். மலேசியாவில் எங்கு நடந்த குற்றமானாலும் தகவலை வாங்கிக்கொள்வது போலீஸின் கடமை என்று அதே நடைமுறைச் சட்டத்தின் 107-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. 'அது எங்கள் ஏரியா இல்லை' என்று திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை எழுதியபின் வாசித்துக் காட்டவும் வேண்டும். மலாயில் தட்டச்சு செய்ததைப் புரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்பதில் பலனில்லை.

விரிசல் இல்லையென்றால் இரண்டு வழி. ஒன்று, 323-க்கு விசாரணை உத்தரவு கேட்டுக் கோப்பை அரசாங்கத் துணை வழக்கறிஞருக்கு அனுப்பும்படி விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேட்பது. இந்த உத்தரவை 'ஓடிஐ' (ஆர்டர் டு இன்வெஸ்டிகேட்) என்பார்கள். முதலில் இதை முயலுங்கள். இரண்டாவது, கணவர் ரிப்போர்ட் நகல், மருத்துவ அறிக்கை, சாட்சிகள் விவரத்தோடு மாஜிஸ்திரேட் நீதிமன்றப் பதிவகத்துக்குப் போவது. மாஜிஸ்திரேட் அவரைச் சத்தியப் பிரமாணத்தில் விசாரித்து எழுதிக்கொள்வார். சந்தேகம் இருந்தால் போலீஸை விசாரிக்கச் சொல்லலாம். ஆதாரம் போதாதென்று தள்ளியும் விடலாம். சம்மன் போனால் வழக்கைக் கணவரே அல்லது அவருடைய வழக்கறிஞர் நடத்தலாம். நடைமுறையில் பலர் இந்த இடத்தில்தான் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். வேலையை விட்டு எத்தனை நாள் நீதிமன்றம் ஏற முடியும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்.

மெஷின் விஷயம் இதைவிடச் சுலபம். கைது செய்யக்கூடிய குற்றம் என்பதால், நான்கு வாரம் கழிந்தபின் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கும் உரிமை 107ஏ பிரிவில் உங்களுக்கு இருக்கிறது. போனில் கேட்காதீர்கள். ரிப்போர்ட் எண் போட்டு நிலையப் பொறுப்பதிகாரிக்குக் கடிதம் எழுதி, உங்கள் நகலில் 'பெற்றுக்கொண்டோம்' முத்திரை வாங்குங்கள். அன்றிலிருந்து இரண்டு வாரத்தில் பதில் வரவேண்டும். வரவில்லை என்றால் அரசு வழக்கறிஞருக்குப் புகார் செய்யலாம்; அவர் மாவட்ட போலீஸ் தலைவரை அறிக்கை தரச் சொல்வார். விசாரணைக்குப் பாதகமான தகவலை மட்டும் சொல்ல மாட்டார்கள். கடிதத்தில் மெஷினின் பிராண்டு, சீரியல் எண், வாங்கிய ரசீது எல்லாம் சேருங்கள். ஒரே மாடலில் பத்து மெஷின் பழைய சாமான் கடையில் கிடந்தால் எது உங்களுடையது என்று போலீஸ் எப்படிச் சொல்வார்? அடித்ததற்கு இந்த 107ஏ உதவாது. அதையும் சேர்த்துக் கேட்டு, பதில் வரவில்லையே என்று மனம் வெதும்பாதீர்கள்.

கொழுந்தனாருக்கு ஒரு வார்த்தை: யாராவது நேரடியாகக் காசு கேட்டால் ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்பிஆர்எம்மிடம் போங்கள், போலீஸ்காரர் நடந்துகொண்ட விதத்தில் குறையென்றால், 2023 ஜூலை 1 முதல் செயல்படும் ஐபிசிசி என்ற சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம் இருக்கிறது. ஊகத்தை வைத்து ரிப்போர்ட் எழுதாதீர்கள். பொய்த் தகவலுக்குத் தண்டனைச் சட்டத்தில் 182-ஆவது பிரிவு உண்டு.

மாமியார் சொல்லும் வாபஸ், அழிரப்பர் போட்டு அழிப்பது போல் இல்லை. பழைய ரிப்போர்ட் அப்படியே இருக்கும். வழக்கைத் தொடர விரும்பவில்லை என்று இரண்டாவது ரிப்போர்ட் செய்வீர்கள், கோப்பு அரசு வழக்கறிஞர் தரப்பிடம் போயிருந்தால் முடிவு அவர்கள் கையில். ஆனால் 323, அடிபட்டவர் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இருப்பதுதான். உங்கள் தாமானில் ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் அமைப்பு) இருந்தால் அதன் சமூக மத்தியஸ்தர் முன்னால் இருவரையும் உட்கார வையுங்கள். கார் எங்கே நிற்கும், மருத்துவச் செலவை யார் தருவார், எந்தத் தேதிக்குள் என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். அது நடக்கும்வரை இரண்டாவது ரிப்போர்ட்டுக்கு அவசரப்பட வேண்டாம்.