ஒரே பெயரில் இரண்டு ஃபைல்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் என் மாமனார் பல வருடங்களாகக் குடும்ப டாக்டர். கிளினிக் நிர்வாகம் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. போன மாதம் ஒரு கோவெண்டர் அம்மாவுக்கு வேறொரு கோவெண்டரின் ஃபைலை எடுத்து வைத்துவிட்டோம். அவருக்குப் பென்சிலின் ஒவ்வாது என்ற குறிப்பு அவருடைய சொந்த ஃபைலில் இருந்தது. ஊசி போடும் முன் அவரே சொன்னதால் தப்பினோம். "இத்தனை வருஷம் இப்படித்தானே ஓடுது" என்கிறார் மாமா. புது சாஃப்ட்வேர் வாங்கலாமா? எங்கே ஆரம்பிப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, சாஃப்ட்வேரை அப்புறம் பார்க்கலாம். தவறான பெயரைத் தட்டினால் கம்ப்யூட்டரும் தவறான ஃபைலைத்தான் திறக்கும். வந்திருப்பவர் யார் என்று உறுதி செய்யும் முறையை முதலில் சரிசெய்யுங்கள்.

நம் பக்கத்தில் கோவெண்டரும் நாயுடுவும் பிள்ளையும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பெயரை மட்டும் நம்பி ஃபைல் எடுத்தால் இது மறுபடியும் நடக்கும். தென்னாப்பிரிக்க அடையாள எண்ணில் 13 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். ஃபைலில் பெயருக்குக் கீழே அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். "நீங்க கோவெண்டர் அம்மாதானே?" என்று யாரையும் கேட்க வேண்டாம். காது மந்தமானவரும் காய்ச்சலில் துவண்டவரும் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். "முழுப்பேர் என்னம்மா, பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். கூடத்தில் உள்ளவர்கள் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டால் போதும். ஊசிக்கு முன் இதையே இன்னொரு தடவை கேட்டு, ஒவ்வாமையையும் விசாரிக்க வேண்டும். ஒவ்வாமை எதுவும் இல்லையென்றால் "இல்லை" என்றே எழுதுங்கள். இடத்தைக் காலியாக விட்டால், கேட்டார்களா, கேட்கவே இல்லையா என்று பிறகு யாருக்குத் தெரியும்?

அந்த அம்மாவிடம் மாமாவே போன் செய்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டாரா? இல்லையென்றால் இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். ஃபைலை எடுத்த பெண்ணைத் திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த தவறு உங்கள் காதுக்கு வராது. இரண்டு ஃபைலும் எப்படி மாறின என்று அவளையே சொல்லச் சொல்லி, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். இப்படி மயிரிழையில் தப்பியதையெல்லாம் மாதம் ஒருமுறை எல்லாரும் உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று எனக்குக் கவலையாக இருக்கிறது. லேப் ரிப்போர்ட் வந்ததும் என்ன ஆகிறது? டாக்டர் பார்க்காமலே ஃபைலுக்குள் போய்விட்டால், புற்றுநோயோ காசநோயோ அங்கேயே மறைந்து கிடக்கும். ஒரு பதிவேடு போடுங்கள்: பரிசோதனைக்கு அனுப்பிய தேதி, அடையாள எண், ரிப்போர்ட் வந்த தேதி, டாக்டரின் கையெழுத்து, நோயாளிக்குச் சொன்ன தேதி. கையெழுத்து இல்லாத ரிப்போர்ட் ஃபைலுக்குள் போகக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் நிரம்பாத கட்டங்களைப் பார்த்து, விட்டுப்போனவர்களை நீங்களே கூப்பிடுங்கள். "போன் வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று யாரிடமும் சொல்லி அனுப்ப வேண்டாம்.

மாமாவிடம் சட்டதிட்டம் பேசி ஜெயிக்க முடியாது. மூன்று மாதம் மட்டும் பார்க்கலாம் என்று கேளுங்கள். நாளைக்கு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் போனால், ஃபைலில் எழுதியிருப்பதுதான் அவர் பக்கம் நிற்கும் ஆதாரம். அதை அவர் உங்களைவிட நன்றாக அறிவார். கவுன்சில் விதிப்படி, நோயாளி வருவது நின்ற பிறகும் ஃபைலைக் குறைந்தது 6 வருடம் வைத்திருக்க வேண்டும். குழந்தைகளுடையது என்றால் 21 வயது வரை.

மற்றவை சின்ன வேலைகள்தான். தடுப்பூசி ஃப்ரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் பார்த்து எழுதுங்கள், சாப்பாடு அதில் வேண்டாம். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். இருமிக்கொண்டு வருபவரைக் கூட்டத்தில் உட்கார வைக்காமல் முதலில் உள்ளே அனுப்பி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போட வேண்டாம். ஊசிப் பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடிவிடுங்கள். போட்ட ஊசி யாரையாவது தவறிக் குத்திவிட்டால், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். அந்தப் பெட்டியைத் தினமும் தூக்குபவர் சுத்தம் செய்யும் ஆன்ட்டிதான். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று அவரை நாளைக்கே கேளுங்கள்.